குரலிற் குறைந்த பாடகி

வில்ஹெல்மீன் ஷ்ரோடர்-டெவ்ரியன்ற் என்னும் ஜேர்மானிய அம்மையார் பாடக் கேட்டவர் எவரும் இன்று உலகில் இலர். அவர் 1860ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆந் திகதி மறைந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதோ 1877இல். பதினேழாண்டு இடைவெளியில் அக்குரல் நமக்கு எட்டாது போயிற்று. அஃது எத்தகையது என அறிய விரும்புவோர், கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்புக்களையே நாடல் வேண்டும். நாடுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அவரைப் போற்றியவர்களும் குறைகூறியவர்களும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர்: அம்மையாரின் குரல் குறையுடைய குரல். அவரினும் தூய ஒலியும், விரைந்தோடும் சுரவரிசைகளில் தேர்ச்சியும், மேற்சுரங்களில் உறுதியும் வாய்ந்த பாடகியர் பலர் அந்நாளைய ஐரோப்பிய அரங்குகளில் இருந்தனர். ஆயினும் பேத்தோவன் கன்னத்திலே தட்டி நன்றி கூறியது இவருக்கு. எண்பது வயதுக் கேதே நெற்றியில் முத்தமிட்டது இவரை. சூமான் தம் பாடற்கோவை ஒன்றை உரிமையாக்கியது இவருக்கு. தமது கலைவாழ்வுக்கு வழிகாட்டியவர் என வாக்னர் முதுமைவரை சொல்லி வந்ததும் இவரையே.

குரலிற் குறைந்தவர் பாட்டில் உயர்ந்தது எங்ஙனம்? இவ்வினாவே என்னை அம்மையாரிடம் இழுத்துச் சென்றது. தமிழ்ப் பண்டிதனுக்கு ஈண்டு என்ன அலுவல் என அன்பர்கள் கேட்டல் கூடும். முப்பதாண்டளவாக மாணாக்கர்க்குச் செய்யுள் சொல்லிக் கொடுத்து வருபவன் யான். இனிய குரலுடைய மாணவன் ஒருவன் பாடும்போது சொற்கள் ஓசையில் அமிழ்ந்து போவதையும், தொண்டை கட்டிய வேறொருவன் அதே செய்யுளை ஓதும்போது பொருள் எழுந்து நம்முன் நிற்பதையும் பன்முறை கண்டிருக்கின்றேன். மேனாட்டிசையிற் பயிற்சியுடைய நண்பர் ஒருவரிடம் இதனை எடுத்துரைத்தபோது, “பண்டிதர், நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார்” என்று அவர் சொன்ன பெயரே மேலே எழுதப்பட்டது. அவர் உதவிய நூல்களையும் இசைத்தட்டுக்களையும் துணையாகக் கொண்டு இதனை வரைகின்றேன்.

ஒப்பெரா என மேனாட்டார் வழங்கும் இசைநாடகத்திலே பாடுவோர்க்கு ஒலிபெருக்கியின் துணை இல்லை. கீழே ஐம்பது அறுபது கருவிகள் முழங்க, அவற்றின் மேலாகத் தனிக்குரல் மண்டபத்தின் கடைக்கோடி வரை செல்லல் வேண்டும். ஜேர்மானிய அரங்கினர் குரலின் இயல்பு நோக்கிப் பாடுவோரை வகுத்து, வகைக்கேற்ற வேடங்களைக் கொடுக்கும் வழக்கினர். மெல்லிய குரல் தோழிக்கும் இளங் காதலிக்கும் உரியது. பெருஞ்சினத்தையும் பெருந்துயரையும் தாங்கவல்ல கனத்த பெண்குரலை டிராமாட்டிக் சொப்ரானோ என்பர். இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாக வருதல் போல, அந்த வகுப்பு நன்கு நிலைபெறுவதற்கு முன்னரே அதற்கு இலக்கியமாய் நின்றவர் நம் அம்மையார்.

அவர் 1804ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆந் திகதி ஹம்பேர்க் நகரிலே பிறந்தார். தந்தையார் ஃபிரீட்ரிக் ஷ்ரோடர் தாழ்ந்த ஆண்குரலிற் பாடும் இசைநாடகப் பாடகர், 1818இல் இறந்தார். தாயார் சோஃபி ஷ்ரோடர் அந்நாளைய ஜேர்மானிய நாடகமேடையின் துன்பியல் அரசி. கிறில்பார்சர் இயற்றிய ‘சாஃபோ’ நாடகம் 1818இல் வியன்னாவிலே முதன்முதல் அரங்கேறியபோது தலைவியாக நடித்தவர் அவர்தாம். இத்தகைய தாயின் மகளுக்குக் கலைக்கல்வி தொடங்கியது குரலில் அன்று. முதலில் நடனம், சிறுமியாயிருந்தபோதே மேடையில் ஆடினார். அடுத்துப் பேச்சு நாடகம். 1819இல், பதினைந்து வயது நிறையுமுன், வியன்னாவின் அரசவை நாடக அரங்கிலே நடித்தார். பாட்டு வந்தது அதன் பின்னர்தான். 1821 ஜனவரி 20ஆந் திகதி மோட்சாட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ நாடகத்தில் பமீனா என்னும் தலைவியாகப் பாடினார். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. அடுத்த ஆண்டு வெபர் தமது ‘ஃபிரைஷுற்ஸ்’ நாடகத்தை வியன்னாவில் நடத்த வந்தபோது, அகாதே என்னும் தலைவியாக நடித்த இச்சிறுமியைக் கண்டு பெருமகிழ்ச்சி கொண்டார். உடல் முதலிலும், சொல் அடுத்தும், சுரம் இறுதியிலுமாகக் கற்ற இவ்வரிசையை அன்பர்கள் மனத்திற் கொள்க. பின்னர் நிகழ்ந்தவை எல்லாம் இதிலிருந்தே விளைந்தன என்பது என் துணிபு.

இனி, 1822ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பேத்தோவன் தம் வாழ்நாளில் இயற்றிய இசைநாடகம் ஒன்றே. அதன் பெயர் ‘ஃபிடேலியோ’. 1805இல் முதலில் அரங்கேறியபோது நெப்போலியனின் படை வியன்னாவினுட் புகுந்து ஒரு கிழமையே ஆகியிருந்தது. நகரத்துச் செல்வர் பலர் ஓடிவிட்டனர். மண்டபத்திலே மொழி விளங்காத பிரெஞ்சுப் படைத் தலைவர்கள் வீற்றிருந்தனர். நாடகம் வீழ்ந்தது. 1806இல் திருத்தினார், 1814இல் மீண்டும் திருத்தினார், அப்போதுதான் வரவேற்புக் கிடைத்தது. பின்னர்ச் சிலகாலம் மேடையேறாது கிடந்ததை வியன்னாவார் 1822இல் மறுபடியும் எடுத்தனர்.

கதை எளியது. ஃபுளோரெஸ்ரான் என்பவன் உண்மை பேசியமைக்காகப் பிசாரோ என்னும் கொடிய ஆளுநனால் நிலவறையிலே மறைத்துவைக்கப்படுகின்றான். அவன் மனைவி லியனோரா ஆண்வேடம் பூண்டு, ஃபிடேலியோ எனப் பெயர் வைத்துக்கொண்டு, சிறைக்காவலனிடம் ஏவலாளாகச் சேர்கின்றாள். அமைச்சர் சிறையைப் பார்வையிட வருகின்றார் என்னும் செய்தி கேட்டுப் பிசாரோ ஃபுளோரெஸ்ரானைக் கொன்று புதைக்கத் துணிகின்றான். கணவனுக்கெனத் தோண்டப்படும் குழியை, இருளில் அவன் முகம் தெரியாத நிலையில், மனைவியே தோண்டுகின்றாள். கொலைகாரன் கத்தியை உருவும்போது இடையிலே பாய்ந்து, தான் அவன் மனைவி என வெளிப்படுத்திக் கைத்துப்பாக்கியை நீட்டுகின்றாள். அவ்வேளையில் அமைச்சரின் வருகையை அறிவிக்கும் எக்காளம் வெளியே முழங்குகின்றது.

முப்பது வயதுப் பாடகிக்கும் அச்சந்தரும் இவ்வேடத்தைப் பதினெட்டு நிரம்பாத பெண்ணிடம் கொடுத்தார்கள். பேத்தோவனுக்கு அது பிடிக்கவில்லை. சிறுபிள்ளை இதனைத் தாங்குமா என ஐயுற்றார். இறுதி ஒத்திகையைத் தாமே நடத்துவேன் என்றும் நின்றார். அவருடைய செவிகளோ முற்றும் கெட்டுவிட்டன. மேடையில் ஒரு விரைவு, கருவிக்காரரிடம் ஒரு விரைவு, அவர் கைக்கோலில் வேறொரு விரைவு, எல்லாம் குழம்பிற்று. உண்மையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஈற்றில் உதவியாளர் ஷிண்ட்லர் குறிப்பேட்டிலே எழுதிக் காட்ட, மேடையை விட்டிறங்கி வீடு நோக்கி ஓடினார் என ஷிண்ட்லரே எழுதியுள்ளார். இந்த ஷிண்ட்லர் பேத்தோவனின் உரையாடற் குறிப்பேடுகளில் இடைச்செருகல் செய்தவர் என்பதை 1970களில் ஆய்வாளர் நிறுவினர். ஏடு பார்ப்போர்க்கு இத்தகையோர் புதியவரல்லர். அவர் கூற்றை அளந்தே கொள்ளவேண்டும். எனினும் ஒத்திகைக் குழப்பத்தை அம்மையாரும் தம் வாய்மொழியாகச் சொல்லியிருத்தலின், நிகழ்ச்சியின் சாரத்தை நம்பலாம்.

நாடக இரவிலே பேத்தோவன் இசைத் தலைவருக்குப் பின்னே, மேலங்கியால் உடலைப் போர்த்து, கண்கள் மாத்திரம் தெரிய அமர்ந்திருந்தார். அக்கண்களைக் கண்டு தாம் நடுங்கியதை அம்மையார் பிற்காலத்தில் விரித்துரைத்துள்ளார். நிலவறைக் காட்சி நெருங்க நெருங்க அவருக்கு வலிமை குன்றியது. உடல் நடுங்க, குரல் தளர, இனி முடியாது என்னும் எல்லைக்கு வந்துவிட்டார். அவையினர் கண்டது என்ன? கணவனைக் காக்கும் மனைவியின் நடுக்கத்தையும் துணிவையும் கண்டனர். பெண்ணின் அச்சம் பாத்திரத்தின் அச்சமாகி நின்றது. நம் நூலோர் மெய்ப்பாடு எனப் பெயரிட்டதனை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி யான் வேறு அறியேன். எக்காளம் முழங்கிக் காட்சி முடிந்தபோது மண்டபம் அதிர்ந்தது. பேத்தோவன் ஓர் ஒலியையும் கேட்டாரல்லர், கண்ணாலேயே பார்த்தார். பார்த்தவர் பின்னர் முகமலர்ந்து கன்னத்தில் தட்டி நன்றி கூறி, உனக்கென ஒரு நாடகம் எழுதுவேன் என வாக்களித்தார். அவ்வாக்கு நிறைவேறாமலே 1827இல் கண்மூடினார். இவரது பாட்டை மெச்சிய முதற் பெருங்கலைஞர் செவிப்புலன் அற்றவர் என்பதை எண்ணும்தோறும் எனக்கு ஒரு திகைப்பு உண்டாகின்றது.

அந்நாடகத்தில் ஓரிடத்தை நாம் சற்று நின்று பார்த்தல் வேண்டும். துப்பாக்கியை நீட்டிய லியனோரா, இனி ஓர் ஒலி எழுப்பினால் உனக்குச் சாவு என்னும் பொருள்படப் பிசாரோவை மருட்டுகின்றாள். ஜேர்மன் மொழியிலே அத்தொடரின் இறுதிச் சொல் ஒற்றை அசையுடையது. வாயை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவது. பேத்தோவன் அதற்கு உயர்ந்த சுரம் ஒன்று அமைத்திருக்கின்றார். ஏனைய பாடகியர் அச்சுரத்தைப் பற்றி நீட்டித் தம் ஆற்றலைக் காட்டுவர். அம்மையார் அத்தொடர் முழுவதையும் பாடி வந்து, அவ்வொரு சொல்லை மாத்திரம் பாடாது பேசினார். இசையாகிய உயர்ந்த மாடத்திலிருந்து கேட்போரைப் பிடித்து வெறுந்தரையிலே தள்ளியது போல அது இருந்தது என்பது, அரைநூற்றாண்டு கழித்து வாக்னர் அதனை நினைவுகூர்ந்து எழுதியதன் கருத்து. ‘நடிகரும் பாடகரும்’ என்னும் பொருள்பற்றி 1872இல் அவர் ஒரு கட்டுரை எழுதி, அதனை அம்மையாரின் நினைவுக்கே உரிமையாக்கினார். அவர் குரல் நல்லதுதானா எனத் தம்மைப் பலர் கேட்பதுண்டு என்றும், குரல் என உலகம் கருதும் பொருள் அவரிடத்தில் இல்லை, மூச்சை ஆளும் திறமும் அதன் வழியே உயிரை வெளிப்படுத்தும் ஆற்றலுமே இருந்தன என்றும் அதே கட்டுரையில் விடை கூறுகின்றார்.

ஆயின், பாட வந்தவர் பேசுவது முறையா? முறையன்று என்றார் பிரெஞ்சு நாட்டுப் பெர்லியோஸ். அவர் 1843இல் டிரெஸ்டன் நகருக்குச் சென்றபோது அம்மையாரை மேடையிற் கண்டார். மிகையான நிலைகளையும், பாட்டின் நடுவே பேச்சுச் சொற்களைப் புகுத்தும் வழக்கத்தையும் கண்டித்து எழுதினார். ஆங்கிலேயத் திறனாய்வாளர் ஹென்றி சோர்லி, குரற்பயிற்சியிலே குறைவும், ஆயினும் அக்குரலுக்கு இயல்பாகவே அமைந்த உணர்ச்சி வன்மையும் உண்டு என இரண்டையும் சொன்னார். என் சிறு கருத்தையும் சொல்லுகின்றேன். பெர்லியோஸ் கூறியது பொய்யன்று. ஒருகால் இடியாக விழுந்த உத்தி பலகால் வரும்போது பழக்கமாய்ப் போகும். 1822இல் உயிர் போகும் நிலையில் வாயினின்று வந்த சொல், இருபதாண்டு கழித்து, வரவேண்டிய இடம் இதுவென முன்னரே தெரிந்து வந்திருக்கலாம். ஆனால் முதன்முறை வந்தபோது அது செய்த வேலை பெரிது. பாட்டுக்காகச் சொல் என்றிருந்த அரங்கிலே, சொல்லுக்காகவும் பாட்டு இருக்கலாம் என அது காட்டியது. அவ்விடத்திலே பாடுவோர் என்ன செய்கின்றனர் என அறிவதற்காகவே இசைத்தட்டுக்கள் சிலவற்றை மறித்து மறித்துக் கேட்டேன். கிளெம்பரர் நடத்த, கிறிஸ்ரா லுட்விக் அம்மையார் லியனோராவாகப் பாடிய 1962ஆம் ஆண்டுப் பதிவை நண்பர் முதலில் தந்தார். மொழி அறியாத என் செவிக்கும் அவ்வொற்றை அசையின் கூர்மை தப்பவில்லை.

1823இல் அம்மையார் டிரெஸ்டன் அரசவை அரங்கிற் சேர்ந்தார். ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் அதுவே அவருக்கு இருப்பிடம். அவ்வாண்டிலேயே கார்ல் டெவ்ரியன்ற் என்னும் நடிகரை மணந்தார். பிள்ளைகள் நால்வர், மணவாழ்வு 1828இல் முறிந்தது. குரலின் குறையை அவர் அறியாதவரல்லர். புகழ் பெற்ற பின்னரும் டிரெஸ்டனில் மிக்ஷ் என்னும் ஆசிரியரிடம் மாணவியாய் அமர்ந்து மீண்டும் பயின்றார்.

1830ஆம் ஆண்டு, பாரிஸ் நகருக்குச் செல்லும் வழியில், வைமரிலே கேதேயைக் கண்டு பாடினார். பாடியது கேதேயின் பாட்டே. எர்ல்கோனிக் என்னும் கதைப்பாடலுக்குச் சூபேட் அமைத்த இசை. நள்ளிரவில் நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு தந்தை குதிரையில் விரைகின்றான்; காட்டுப் பேயரசன் பிள்ளையை அழைக்கின்றான்; வீடு சேரும்போது பிள்ளை உயிரோடில்லை. கதை சொல்வோன், தந்தை, மகன், பேயரசன் ஆகிய நால்வரையும் பாடகர் ஒருவரே தம் ஒரு குரலில் வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். சூபேட் இதனை 1815இல், பதினெட்டாம் வயதில் இசையமைத்தார். மறு ஆண்டு நண்பர்கள் இதனையும் வேறு சில பாடல்களையும் கேதேக்கு அனுப்பினர். மறுமொழி வரவில்லை. 1828இல் சூபேட் இறந்தே போனார். கேதேயின் கொள்கை, பாட்டின் எல்லா அடிகளுக்கும் ஒரே மெட்டாக இசை அமைந்து சொல்லுக்கு அடங்கி நிற்றல் வேண்டும் என்பது. சூபேட்டின் இசையோ கதையோடு சேர்ந்து மாறி மாறி ஓடுவது. அம்மையார் பாடி முடித்ததும் முதியவர் எழுந்து அவர் நெற்றியில் முத்தமிட்டார். முன்பு ஒருமுறை கேட்டபோது தமக்கு இது பிடிக்கவில்லை என்றும், இவ்வாறு பாடப்படும்போது முழுவதும் ஓவியமாகக் கண்முன் தெரிகின்றது என்றும் சொன்னாராம். பதினான்கு ஆண்டாக மூடியிருந்த கதவு ஒரு பெண் பாடத் திறந்தது. திறந்தபோது உள்ளே புக இசைப்புலவன் உயிரோடில்லை. சொல்லை இசை விழுங்கிவிடும் என அஞ்சிய கவிஞர்க்கு, சொல்லை விழுங்காத இசையைக் காட்ட, சொல்லிலே பிறந்து வளர்ந்த ஒருவர் வேண்டியிருந்தது.

பாரிஸிலே ஜேர்மானியக் குழுவோடு ‘ஃபிடேலியோ’ பாடினார். அக்குழுவை நடத்தியவர் ஜோசஃப் றோக்கல். 1806இல் திருத்தப்பட்ட ‘ஃபிடேலியோ’வில் ஃபுளோரெஸ்ரானாகப் பாடியவர் அவரே. 1832இல் இலண்டன். மொழி விளங்காத இவ்விரு நகரத்தாரும் அவரைக் கண்டு அழுதனர் என்றால், அவர்கள் கேட்டது எதனை என ஆராய்தல் தகும். அதனை வேறொரு சமயம் பார்க்கலாம்.

வாக்னர் தம் வரலாற்றிலே, 1829இல், பதினாறு வயதில், லைப்சிக் நகரில் அம்மையாரை ‘ஃபிடேலியோ’விற் கண்டதாகவும், அன்றிரவே கடிதம் எழுதி அவர் விடுதியிற் சேர்த்துவிட்டு ஓடியதாகவும் எழுதுகின்றார். அவ்வாண்டில் அவர் அந்நகரில் அவ்வேடம் பூண்டதற்குச் சான்று இல்லை என ஆய்வாளர் மறுக்கின்றனர். ஐயத்துக்கிடமற்றது 1834ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அப்பொழுது லைப்சிக்கிலே பெல்லினியின் இசைநாடகத்தில் அம்மையார் ரோமியோவாகத் தோன்றினார். ரோமியோ என்னும் ஆண்வேடத்தைப் பெண்குரலுக்கே பெல்லினி எழுதியிருந்தார். இருபது வயது வாக்னர் கலங்கிப் போனார். ஜேர்மானிய மேதைகளின் கனத்த இசையைக் கற்றுத் தேறியவர் அவர். இத்தாலியரின் மெல்லிசையை அற்பமெனக் கருதியவர். அவ்வற்பமே ஒருவர் வாயிலும் மெய்யிலும் புகுந்து இத்துணைப் பெரிதாகுமாயின், உயர்ந்ததெனத் தாம் நம்பியது எங்கே உயர்ந்தது? அவ்வாண்டே ஜேர்மானிய இசைநாடகத்தைக் கடிந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் சமைத்த புதிய நாடக வடிவத்துக்கு வித்து எது எனப் பலர் பல கூறுவர். பெண்ணொருத்தி ரோமியோவாக இறந்து வீழ்ந்த அந்த இரவையும் அதிற் சேர்த்தல் வேண்டும்.

அடுத்த ஆண்டு மக்டபேர்க் என்னும் சிறு நகரிலே வறுமையோடு இசைத்தலைவராயிருந்த வாக்னருக்கு உதவ, அம்மையார் அங்கு வந்து பாடினார். அவர் பொருட்டு ஒரு கச்சேரியிலும் பாட இசைந்தார். இத்துணைப் பெரியவர் இத்துணைச் சிறு கச்சேரிக்கு வருவாரா என ஊரார் நம்பவில்லை, மண்டபம் வெறுமையாயிற்று. வெறும் மண்டபத்திலே பேத்தோவனின் போர் முழக்க இசையொன்றை வாக்னர் எக்காளங்களோடு முழங்கவிட, எதிரொலி தாங்காது இருந்த சிலரும் ஓடினர். முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையாரும் கைகளைப் பிசைந்துகொண்டு ஓடினார். இதனை எழுதிவைத்தவர் வாக்னரே என்பதால் நாமும் அச்சமின்றிச் சிரிக்கலாம்.

1842 ஒக்டோபர் 20ஆந் திகதி டிரெஸ்டனில் வாக்னரின் ‘றியென்சி’ அரங்கேறியது. மாலை தொடங்கி நள்ளிரவு வரை நீண்ட அந்நாடகத்தில் அட்றியானோ என்னும் இளைஞனாக நடித்தவர் அம்மையார். வயதோ முப்பத்தேழு; உடலும் பருத்துவிட்டது. அடுத்து 1843 ஜனவரி 2ஆந் திகதி ‘பறக்கும் ஒல்லாந்தன்’. சாபத்தால் முடிவின்றிக் கடலில் அலையும் மாலுமியின் படத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்து, அவனை மீட்கத் தன்னுயிர் கொடுக்கும் செந்தா என்னும் பெண்ணாக அவர் தோன்றினார். ஏனையோர் சோர்ந்த நாடகத்தை அவரே தாங்கினார் என்பது வாக்னர் கூற்று. நான்கு முறை நடந்ததோடு அது அங்கே நிறுத்தப்பட்டது.

இங்கே யான் மிக விரும்பும் செய்தி ஒன்றுண்டு. அந்நாடகத்தின் நடுநாயகம், செந்தா தன் தோழியர்க்குப் பாடும் கதைப்பாடல். வாக்னர் முதலில் அதனை அமைத்த சுருதி வேறு. அஃது அம்மையாரின் தளர்ந்த குரலுக்கு எட்டாது போகவே, முழுச்சுரம் ஒன்று தாழ்த்தி அமைத்தார். அச்சேறிய இசையேடும் தாழ்த்தியபடியே வந்தது. அவர் இறந்து நூற்றறுபது ஆண்டுக்கு மேலாயிற்று. இன்றும் செந்தா வேடம் பூணும் பாடகியர் பெரும்பாலோர், தமக்கு எத்துணை உயர்ந்த குரல் வாய்த்திருப்பினும், அத்தாழ்ந்த சுருதியிலேயே அப்பாடலைப் பாடுகின்றனர். கருவியில் பதியாத குரல், தன் குறையினாலே ஏட்டில் பதிந்து கிடக்கின்றது.

1845இல் ‘தன்ஹொய்சர்’ நாடகத்தில் வீனஸ் என்னும் காமதேவியாக வந்தார். அவ்வயதில் அவ்வேடம் பொருந்தவில்லை என்பதை முதலில் உணர்ந்தவர் அவரே. தேவிக்குரிய உடையைப்பற்றித் தாமே நகையாடிக்கொண்டாராம். தூய தலைவியாகிய எலிசபெத்தாகப் பாடியவர் பத்தொன்பது வயது ஜொஹன்னா. வாக்னரின் தமையன் வீட்டுப் பெண். கடனில் மூழ்கிய வாக்னருக்கு 1,000 தாலர் கடனாகக் கொடுத்திருந்த அம்மையார், இளம் பாடகியின் ஏற்றத்தால் மனம் புண்பட்டு, அக்கடனை வழக்கறிஞர் வாயிலாகக் கேட்டார் என்று வாக்னர் எழுதுகின்றார். இருபதாண்டு தாம் ஆண்ட மேடையிலே இளையவள் ஒருத்தி வந்து நிற்கக் காண்பது எளிதன்று. கடன் கொடுத்தவர் கேட்பதிலும் தவறில்லை.

பிந்திய ஆண்டுகளை விரித்துரைக்க மனம் வரவில்லை. 1847இல் டிரெஸ்டன் அரங்கை விட்டார். அவ்வாண்டு மணந்த டோரிங் என்னும் இரண்டாங் கணவன் அவர் ஈட்டிய பொருளைக் கவர்ந்துகொண்டான். மறு ஆண்டே அவனைப் பிரிந்தார். 1849 மே மாதம் டிரெஸ்டனில் மக்கள் கிளர்ச்சி எழுந்தது. வாக்னர் நாட்டைவிட்டு ஓடினார்; பாரிஸ் குழுத்தலைவர் றோக்கலின் மகன் ஒளகுஸ்ட் பதின்மூன்று ஆண்டு சிறையிருந்தார்; அம்மையார் மீதும் கிளர்ச்சியிற் பங்கு கொண்டார் என வழக்குத் தொடுத்தனர். நிலவறையிலே கணவனை மீட்கும் மனைவியாக வாழ்நாள் முழுவதும் நடித்தவர், மெய்யான கொடுங்கோன்மையைக் கண்டபோது வாளாவிருந்திலர். 1850இல் லிவோனியா நாட்டுப் பெருநிலக்காரர் ஒருவரை மணந்து அங்கு சென்றார். வழக்கின் பயனாக உருசியப் பேரரசின் எல்லைக்குள் மீள அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அதனை நீக்கக் கணவர் பெரிதும் முயலவேண்டியிருந்தது.

1856இல் மீண்டும் மக்கள் முன் தோன்றினார். வேடமில்லை, ஒப்பனையில்லை, திரையில்லை. பியானோவின் பக்கத்தில் நின்று பேத்தோவனின் பாடல்களையும் சூபேட்டின் பாடல்களையும் பாடினார். குரல் பெரும்பாலும் போய்விட்டது. ஆயினும் கேட்டவர்கள் நெஞ்சுருகினர். ஹைன என்னும் கவிஞரின் பாடல்களைக் கொண்டு 1840இல் சூமான் அமைத்து 1844இல் வெளியிட்ட ‘கவிஞன் காதல்’ என்னும் பதினாறு பாடற் கோவை இவருக்கு உரிமையாக்கப்பட்டதன் பொருத்தம் இவ்விடத்திலே நன்கு விளங்குகின்றது. சொல்லும் சுரமும் ஒன்றையொன்று விடாது பற்றி நடக்கும் பாடல்கள் அவை.

நான்காண்டில் கோபேர்க் நகரிலே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. துன்பியல் அரசியாகிய தாயார் மகளை இழந்து மேலும் எட்டாண்டு வாழ்ந்து 1868இல் மறைந்தார்.

வாக்னர் 1883 பெப்ரவரியில் வெனிஸ் நகரில் இறப்பதற்குச் சில நாட்களின் முன் அம்மையாரைக் கனவிற் கண்டதாகச் சொன்னார் என, அவர் மனைவி கொசிமாவின் நாட்குறிப்பிற் காணப்படுகின்றது. அதற்கு ஒன்பதாண்டு முன்னரே, பைரொயிற் நகரில் தாம் கட்டிய வான்ஃபிரீட் என்னும் வீட்டின் முகப்பிலே ஒரு சுவர்ச்சித்திரம் தீட்டுவித்திருந்தார். அவ்வீடு இன்று அருங்காட்சியகம். நடுவே பழைய ஜேர்மானியத் தெய்வம் அலைகுடியாக நிற்கின்றது. இருபுறமும் இரு பெண்ணுருவங்கள்; ஒன்று இசை, மற்றொன்று துன்பியல் நாடகம். இசைக்குக் கொசிமாவின் முகத்தை எழுதுவித்த வாக்னர், துன்பியல் நாடகத்துக்கு ஷ்ரோடர்-டெவ்ரியன்ற் அம்மையாரின் முகத்தை எழுதுவித்தார்.